"சிரிடா, பல்லாவது தெரியட்டும்": ஒளி யாரை அளவாக வைத்துக் கற்றுத் தரப்படுகிறது?

"சிரிடா, பல்லாவது தெரியட்டும்."

இந்த நகைச்சுவையைக் கேட்காமல் பள்ளியையும் கல்லூரியையும் தாண்டி வந்த கறுத்த பிள்ளை தமிழ்நாட்டில் இருக்க முடியாது. குழுப் படம் எடுக்கும்போது கேட்டிருப்போம். கரண்ட் போன ராத்திரியில் விடுதி வராந்தாவில் கேட்டிருப்போம். நாங்கள் அதை மறக்க முடியாதபடி கேட்டது ஒரு ஸ்டுடியோவில். முகத்துக்கு எப்படி ஒளி கொடுப்பது என்று சொல்லிக் கொடுக்கும் வகுப்பிலேயே கேட்டோம்.

நாங்கள் நான்கு பேர். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டத்துச் சேரிகளிலிருந்து சென்னைக்கு வந்து விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவர்கள். நால்வருமே ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கியவர்கள். எங்கள் குடும்பங்களில் கல்லூரிக்குள் முதலில் கால் வைத்தவர்கள். இன்று எங்களில் இருவர் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறோம். ஒருத்தி பத்திரிகையில் இருக்கிறாள். ஒருவன் ஞாயிறுதோறும் இரவுப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கேமரா சொல்லித் தருகிறான். "எதற்கெடுத்தாலும் சாதியா? லைட்டில் கூடவா?" என்று எங்களைப் பலர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பதிலாகவும், இந்த வருடம் அதே மாதிரி வகுப்பில் லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தம்பி தங்கைகளுக்காகவும் நால்வரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். போர்ட்ரெயிட் லைட்டிங் பாடம் தொடங்கி ஏழெட்டு வாரம் ஆகியிருந்தது. கீ லைட், ஃபில் லைட், ரிம் லைட் எல்லாம் பார்த்தாயிற்று. மூக்குக்கு நேர் கீழே நிழல் விழுந்தால் பட்டர்ஃபிளை, மறுபக்கக் கன்னத்தில் முக்கோணமாக வெளிச்சம் விழுந்தால் ரெம்ப்ராண்ட் என்று பரீட்சைக்கு எழுதுகிற அளவுக்குத் தெரியும். ஆனால் அந்த ஏழெட்டு வாரமும் லைட்டுக்கு முன்னால் உட்கார்ந்தது மாநிறத்துக்கும் மேலான இரண்டு மூன்று பேர்தான். யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நாங்கள் சொல்லவில்லை. "நீ வாம்மா, உனக்கு லைட் நல்லா எடுக்கும்" என்று கூப்பிடுவார்கள், அவர்கள் போய் உட்காருவார்கள். ஸ்டாண்டைப் பிடிக்க, மணல் மூட்டையை நகர்த்த, ரிஃப்ளெக்டரைத் தூக்கிக் கை கடுக்க நிற்க எங்களைக் கூப்பிடுவார்கள். அதுவும் பாடம்தான் என்று நாங்களும் நின்றோம்.

ஒருநாள் வழக்கமாக உட்காரும் மாணவி வரவில்லை. எங்களில் ஒருவனை உட்காரச் சொன்னார்கள். பின்னால் கறுப்புத் துணி. முந்தைய வகுப்பில் அந்த மாணவிக்கு வைத்த லைட், அதே அப்பெர்ச்சர், அதே தூரம். படம் பெரிய திரையில் வந்தது. கறுப்புத் துணியில் அவனுடைய முடி கரைந்துவிட்டது. தாடை கரைந்துவிட்டது. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் இரண்டு வெள்ளைப் புள்ளி, நடுவில் இரண்டு கண். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான், வேறென்ன செய்வான்? சாரும் சிரித்துக்கொண்டே, "டார்க் ஸ்கின்னா ஒரு ஸ்டாப் ஏத்திக்கோங்க, மிச்சத்தை போட்டோஷாப்ல பாத்துக்கலாம்" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வரிதான் கறுத்த முகத்தைப் பற்றி மூன்று வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த மொத்தப் பாடம். அதுவும் தப்பான பாடம்.

ஏன் தப்பு என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நீங்கள் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம் என்பதால் இங்கேயே சொல்கிறோம்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், எதிரே இருக்கும் பொருளிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கிறது. உலகத்தில் எதைப் பார்த்தாலும் அது நடுச்சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்ளும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். பதினெட்டு சதவீதச் சாம்பல் அட்டை என்று வகுப்பில் காட்டுவார்களே, அந்தக் கணக்கு. கறுத்த முகம் சட்டகம் முழுக்க இருந்தால் மீட்டர் 'இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தை ஏற்றிவிடும். தோல் சாம்பல் பூசியது போல வெளிறும். அதே ஆள் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் நின்றால் 'பளிச்சென்று இருக்கிறதே' என்று இறக்கிவிடும், முகம் கரியாகிவிடும். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களிலும் கட்சிக் கூட்டப் படங்களிலும் வெள்ளைச் சட்டை மின்ன, முகம் மட்டும் காணாமல் போவது இதனால்தான். குற்றம் முகத்தில் இல்லை. எதை அளக்கிறோம் என்பதில் இருக்கிறது.

இதற்கு மாற்றாக இன்னொரு கருவி இருக்கிறது. கையில் பிடிக்கும் இன்சிடென்ட் மீட்டர். முனையில் வெள்ளைக் குமிழ் வைத்தது. அதை முகத்தருகே வைத்து ஒளியைப் பார்த்துத் திருப்பினால், முகத்தின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று சொல்லும். உட்கார்ந்திருப்பவர் கறுப்பா சிவப்பா என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்தக் கணக்கில் எடுத்தால் கறுப்பு கறுப்பாகவே, மாநிறம் மாநிறமாகவே வரும். எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு மீட்டர் பீரோவில் பூட்டி இருந்தது. கடைசி வருடத்தில்தான் அதை வெளியே பார்த்தோம்.

அடுத்தது, 'ஒரு ஸ்டாப் ஏத்து' என்பது. கறுத்த தோலுக்குத் தேவை அதிக வெளிச்சம் என்று நினைப்பது ஒரு மூடநம்பிக்கை. தோலில் பட்ட வெளிச்சம் இரண்டு விதமாகத் திரும்பி வருகிறது. ஒன்று தோலுக்குள் புகுந்து சிதறி, தோலின் நிறத்தோடு வருவது. இன்னொன்று கண்ணாடியில் போல மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும் மினுக்கம். கறுத்த தோலில் முதலாவது குறைவு, இரண்டாவது குறைவதில்லை. ஆகவே கன்னத்தின் வளைவையும் தாடையின் கோட்டையும் கறுத்த முகத்தில் எழுதிக் காட்டுவது அந்த மினுக்கம்தான். சின்ன ஃபிளாஷை நேராக அடித்தால் மினுக்கம் நெற்றியில் சுட்ட புள்ளியாக விழும். பெரிய சாஃப்ட்பாக்ஸைக் கிட்டக் கொண்டுவந்து பக்கவாட்டில் திருப்பினால், அதே மினுக்கம் கன்னம் முழுக்க மெல்லப் படரும். பின்னாலிருந்து ஒரு ரிம் லைட் வைத்தால் முடி துணியில் கரையாது. கறுப்புத் துணிக்குப் பதில் சாம்பல் துணி வைக்கலாம், அல்லது துணிக்கே தனியாகக் கொஞ்சம் வெளிச்சம் கொடுக்கலாம். அவ்வளவுதான். தோலை வெளுக்க வேண்டியதில்லை. லைட்டை நகர்த்த வேண்டும்.

இதைச் செய்து பார்த்த அன்று இரவு, ஸ்டுடியோவை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்திருந்தோம். நான்கு பேர் மெஸ் காசு சேர்த்து. அன்று சிரிப்புக்கு ஆளான அதே தோழனை உட்காரவைத்தோம். படம் கேமராத் திரையில் வந்தபோது அவன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கப்பா மாதிரி இருக்கன்" என்றான். அவனுடைய அப்பா இறந்து எட்டு வருடமாகிறது. வீட்டில் அவருக்கு இருக்கும் ஒரே படம் வாக்காளர் அட்டைப் படம்.

சேரிகளில் மூத்த தலைமுறையின் முகங்கள் எங்கே இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். 1993இல் தேர்தல் ஆணையம் புகைப்பட அடையாள அட்டையைக் கொண்டுவந்தது. எங்கள் தாத்தா பாட்டிகளில் பலருக்கு வாழ்க்கையில் எடுக்கப்பட்ட முதல் படம் அதுதான். சிலருக்குக் கடைசிப் படமும் அதுதான். பள்ளிக்கூடத் திண்ணையில் வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, ஒரு நொடியில் எடுத்த படம். கருந்திட்டாக ஒரு முகம். செத்த பிறகு அதையே ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கி, கண்ணையும் மீசையையும் வரைந்து, கோட்டு சூட்டு ஒட்டி, மாலை போட்டு மாட்டுகிறோம். அதில் பாதி முகம் ஸ்டுடியோக்காரர் போட்டது.

ஆனால் நம்மை யாரும் படமெடுக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. நிறைய எடுத்திருக்கிறார்கள். 1868 முதல் 1875 வரை பிரிட்டிஷ் அரசு 'இந்திய மக்கள்' என்ற பெயரில் எட்டுத் தொகுதிப் புகைப்படப் புத்தகம் போட்டது. சாதி, பழங்குடி என்று வகைப்படுத்தி, ஒவ்வொரு முகத்துக்கும் கீழே அந்தச் 'சாதியின் குணம்' எழுதியது. சென்னை அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார்; படமும் எடுத்தார்; 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். அந்தப் படங்களில் இருப்பவர்கள் ஒரு சாதியின் மாதிரி, அவ்வளவே. அவர்களுக்குப் பெயர் இல்லை. அவர்கள் யாரும் படம் எடுத்துத் தரச் சொல்லிப் போய் நிற்கவும் இல்லை.

அது வெள்ளைக்காரன் காலம் என்று தள்ளிவிட முடியாதபடி எங்கள் லொக்கேஷன் வகுப்பு நடந்தது.

வெளிப்புற ஒளியமைப்புப் பாடத்துக்காக முப்பது பேரை வேனில் ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனார்கள். வேன் ஊருக்குள் கோயில் பக்கத்தில் நின்றது. முதலில் ஒரு பெரிய வீடு. வாசலில் செருப்பைக் கழற்றினோம். சார் உள்ளே போய் அனுமதி கேட்டார். மோர் கொடுத்தார்கள். வீட்டம்மா, "இருங்க, புடவை மாத்திக்கிட்டு வர்றேன்" என்று போனார். கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு, சாயங்காலம் "நல்ல கேரக்டர் ஃபேஸ் கிடைக்கும்" என்று காலனிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே யாரும் செருப்பைக் கழற்றவில்லை. யாரும் அனுமதி கேட்கவில்லை. முப்பது கேமராவும் தெருவுக்குள் நுழைந்தன. குளித்துக்கொண்டிருந்தவர்கள், சோறு தின்றுகொண்டிருந்தவர்கள், எல்லோரும் 'சப்ஜெக்ட்' ஆனார்கள்.

ஒரு ஆயா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சுருக்கம். ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். பக்கவாட்டில் ஒரு ஃபிளாஷ், சாஃப்ட்பாக்ஸ் இல்லாமல், சுருக்கம் ஒவ்வொன்றும் வெட்டுக்காயம் மாதிரி தெரியும்படி. ஆயா கேமராவைப் பார்த்ததும் பொக்கை வாயோடு சிரித்தார். "சிரிக்காதீங்க பாட்டி, சும்மா அப்படியே சோகமா பாருங்க" என்றான் ஒருவன். எங்களில் ஒருத்திக்கு அந்தக் காலனியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளித்தான் வீடு. அவளுடைய சொந்த ஆயா போலவே இருந்தார் அவர். ஆயா கேட்டார்: "ஏம்பா, சிரிச்சா படம் வுழாதா?" யாரும் பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது அவர் கேட்டது இன்னொன்று: "படம் எப்பப்பா குடுப்பீங்க?" அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தப் படம் கல்லூரிக் கண்காட்சியில் கறுப்பு வெள்ளையில் பெரிதாகத் தொங்கியது. தலைப்பு: 'உழைப்பின் ரேகைகள்'. பக்கத்திலேயே பெரிய வீட்டு அம்மாவின் படம். அதற்குக் கீழே அவருடைய பெயர் இருந்தது. வண்ணத்தில், பட்டுப்புடவையில், மென்மையான வெளிச்சத்தில், சிரித்தபடி.

கவனியுங்கள். இரண்டு படமும் தொழில்நுட்பத்தில் சரியானவைதான். பக்கவாட்டில் கடுமையான ஒளி வைத்தால் சுருக்கம் தெரியும். முன்னாலிருந்து மென்மையான ஒளி வைத்தால் சுருக்கம் மறையும். இது இயற்பியல், இதில் சாதி இல்லை. ஆனால் யாருக்கு எந்த ஒளி என்று அந்தத் தெருவில் நின்று முடிவு செய்தது இயற்பியல் அல்ல. ஊருக்கு மென்மையான ஒளி, சேரிக்குக் கடுமையான ஒளி. ஊருக்குச் சிரிப்பு, சேரிக்குச் சோகம். ஊருக்குப் பெயர், சேரிக்குத் தலைப்பு. "லைட்டுக்குச் சாதி உண்டா?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: லைட்டுக்குச் சாதி இல்லை, லைட்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைகிறவருக்கு இருக்கிறது.

ஒரு விஷயத்தில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். நிறம் வேறு, சாதி வேறு. வெளுத்த நிறத்தில் தலித்துகள் உண்டு, கறுத்த நிறத்தில் பார்ப்பனர்களும் உண்டு. நிறத்தை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்கலாம் என்று சொன்னவர் தர்ஸ்டன் மாதிரி ஆட்கள். நாம் அதைச் சொல்லக்கூடாது. ஆனால் "உன்னப் பாத்தா எஸ்.சி. மாதிரியே தெரியலியே" என்ற 'பாராட்டை' எங்களில் வெளுத்த நிறத்தவளான தோழி பத்து முறையாவது வாங்கியிருக்கிறாள். அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது? எஸ்.சி. என்றால் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு படம் எல்லோர் மனதிலும் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. அந்தப் படத்தைக் கழற்றுவது வெறும் விவாதத்தால் நடக்காது. வேறு படங்களை மாட்ட வேண்டும்.

உலகத்தில் வேறு இடங்களில் இந்தச் சண்டையை நமக்கு முன்பே போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பித்து வந்த ஃபிரடெரிக் டக்ளஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் என்கிறார்கள். நூற்றறுபது படங்கள் வரை கணக்கெடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் சிரிக்காமல், நல்ல கோட்டு அணிந்து, நேராகப் பார்த்தபடி. கறுப்பர்களைப் பல்லிளிக்கும் கேலிச்சித்திரமாக வரைந்துகொண்டிருந்த நாட்டில் ஒரு கறுப்பர் தன் முகத்தைத் தானே தீர்மானித்தார். படங்களைப் பற்றித் தனியாகச் சொற்பொழிவே ஆற்றியவர் அவர்.

கோடாக் நிறுவனம் வண்ணப் பிரிண்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க லேப்களுக்கு ஒரு அட்டை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி கார்டு என்று பெயர். அவள் நிறம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுப்புப் பிள்ளைகள் பள்ளிப் படங்களில் மை பூசியது போல வந்தபோது அந்தப் பெற்றோர் சொன்னது எடுபடவில்லை. மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் தங்கள் பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று புகார் செய்த பிறகே ஃபிலிமைத் திருத்தும் வேலை சூடுபிடித்தது என்று, அங்கே வேலை பார்த்தவர்களே ஆய்வாளர் லோர்னா ராத்திடம் சொல்லியிருக்கிறார்கள். மனிதத் தோலுக்காக நகராத தொழில்நுட்பம் சாக்லேட்டுக்காக நகர்ந்தது.

1970இல் போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள், தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் மீது திணிக்கப்பட்ட பாஸ் புத்தகத்துக்குத் தங்கள் கம்பெனியின் கேமராதான் படம் எடுக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். போராடினார்கள், வேலை போனது, விடவில்லை. 1977இல் அந்நிறுவனம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. கேமராவும் லைட்டும் வெறும் கருவி, அதில் அரசியல் இல்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நமக்கும் ஒருவர் இருக்கிறார். எந்தச் சேரிக்குப் போனாலும் முதலில் வரவேற்கும் படம் பாபாசாகேப்புடையது. இந்த நாட்டில் எங்களுக்கு இடுப்புத் துணிக்கு மேல் எதுவும் கூடாது என்றிருந்தவர்கள் முன்னால், கோட்டு, டை, மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையில் பேனாவோடு அவர் கேமராவை நேராகப் பார்த்தார். போர்ட்ரெயிட் என்றால் என்ன என்று எங்களுக்குப் பாடப்புத்தகம் சொல்வதற்கு முன்பே அந்தப் படம் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் படத்தையும் சும்மா விட்டார்களா? நாட்காட்டிகளிலும் பேனர்களிலும் அவர் கன்னத்தை ரோஜா நிறத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அதை மாற்றுவது பல நேரம் நம் தோழர்களே. வெளுப்புதான் மரியாதை என்பது நமக்குள்ளும் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

நாங்களும் விதிவிலக்கு அல்ல. கல்யாணப் படத் தொழிலுக்கு வந்த முதல் வருடம். காலனியில் ஒரு பெரியம்மா தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் படம் எடுக்கச் சொன்னார். "கொஞ்சம் கலரா போட்டுக் குடுப்பா" என்றார். நாங்கள் கொள்கை பேசினோம். கறுப்பின் அழகு பற்றி அரை மணி நேரம் விளக்கினோம். பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது எல்லாம் சரிதாம்பா. பொண்ணு பாக்க வர்றவன் உன் கூட்டத்துக்கு வந்தவனா?" எங்களிடம் பதில் இல்லை. அவர் மகளின் வாழ்க்கையை வைத்து எங்கள் கொள்கையைச் சோதித்துப் பார்க்க எங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பிறகு ஒன்று செய்தோம். அந்தப் பெண்ணை அவர்கள் வீட்டு வாசலிலேயே, நிதானமாக ஒளி பார்த்து எடுத்தோம். நிறத்தில் கை வைக்காமல் ஒன்று, பெரியம்மா கேட்டபடி ஒன்று, இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். பெரியம்மா வெளுத்த படத்தைத் தரகருக்குக் கொடுத்தார். மற்றதைச் சுவரில் மாட்டினார். "இதுல தான் என் பொண்ணு மாதிரி இருக்கா" என்றார். நாங்கள் அதை வெற்றி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுவரில் அது இன்றும் தொங்குகிறது. உட்காருகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் முடிவு செய்ய அவர் முன்னால் நல்ல படம் ஒன்றாவது இருக்க வேண்டும். அதைத் தருவது நம் வேலை.

"அதற்கெல்லாம் காசு வேண்டுமே" என்று தம்பிகள் கேட்கிறார்கள். வேண்டும்தான். உச்சி வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100இல், ஷட்டர் 1/200இல் நின்றால் அப்பெர்ச்சர் எஃப் 11க்குப் போய்விடும். அந்த வெயிலோடு போட்டி போட்டு, சாஃப்ட்பாக்ஸ் வழியாக முகத்தை ஒளியூட்டப் பெரிய ஃபிளாஷ் வேண்டும். அது நம் கையில் இல்லை. வகுப்பில் சொல்லித்தரும் லொக்கேஷன் லைட்டிங் பாதிக்கு மேல் காசுள்ளவர் பாடம். ஆகவே எங்கள் பாடத்தை நாங்கள் வேறு இடத்தில் தேடினோம். எங்கள் வீடுகளிலேயே கிடைத்தது.

அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீட்டைப் பாருங்கள். ஒரு கதவு, ஒரு சன்னல். உள்ளே இருட்டு. வருடம் முழுக்க நாம் திட்டும் அந்த இருட்டுதான் படமெடுக்க வரப்பிரசாதம். நேர் வெயில் விழாத நேரத்தில் கதவைத் திறந்தால் அந்தக் கதவே ஆளுயர சாஃப்ட்பாக்ஸ். ஆளை வாசலிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி உட்காரவையுங்கள். முகத்தைக் கதவின் பக்கம் முக்கால்வாசி திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் கதவை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். பின்னால் இருக்கும் அறை தானாகவே இருண்டு பின்னணியாகிவிடும். ஒளி வரும் இடத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியை நோக்கிச் சரிந்துவிடும் என்ற கணக்கு இங்கே உங்களுக்காக வேலை செய்கிறது. நிழல் பக்கம் அதிகம் இருண்டால் தாத்தாவின் வெள்ளை வேட்டியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், அல்லது ஒரு தெர்மாகோல் அட்டை. கிட்டக் கொண்டுவந்தால் நிழல் இளகும், தள்ளினால் கூடும். முகம் நடுவே தனியாகத் தெரிய வேண்டுமா? எண்ணெய் வைத்துத் தலை சீவச் சொல்லுங்கள். சன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அதுதான் நம் ரிம் லைட். கண்ணுக்குள் கதவின் வெளிச்சம் சின்னச் சதுரமாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். அந்தச் சதுரம் இல்லாத கண் செத்த கண்.

நல்ல செல்போன் போதும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டைக் கையால் நகர்த்துங்கள். முகத்தை வெளுக்கும் பியூட்டி வசதி தானாகவே வேலை செய்துகொண்டிருக்கலாம்; முதலில் அதை அணையுங்கள்.

இந்த வழியில் நாம் தனியாகவும் இல்லை. மும்பையின் துப்புரவுத் தொழிலாளர்களைப் பல வருடம் படமெடுத்த சுதாரக் ஓல்வே இருக்கிறார். தமிழ்நாட்டில் மலக்குழி மரணங்களையும் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களையும் விடாமல் பதிவு செய்துவரும் பழனிக்குமார் இருக்கிறார். அவர்களுடைய படங்களில் துயரம் இருக்கிறது, ஆனால் அது திருடிய துயரம் அல்ல. எடுப்பவருக்கும் இருப்பவருக்கும் நடுவில் ஒரு உறவு இருக்கிறது. வன்கொடுமை நடந்த இடத்தைப் படமெடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தப் படங்கள் வழக்குக்கு வேண்டும், வரலாற்றுக்கு வேண்டும். ஆனால் எரிந்த குடிசையின் முன் நிற்கும்போது மட்டும்தான் எங்களுக்குப் படம் என்றால், வாழும்போது எங்களுக்கு முகமே இல்லை என்றாகிறது.

இனி எங்கள் கோரிக்கைகள். காட்சித் தொடர்பியலும் புகைப்படமும் சொல்லித்தரும் கல்லூரிகள் கறுத்த தோலைக் கடைசி வாரத்துச் சிறப்புப் பாடமாக அல்ல, முதல் வாரத்துப் பாடமாக வைக்க வேண்டும். இந்த மாநிலத்தில் பெரும்பான்மைத் தோல் அதுதான். லைட்டுக்கு முன்னால் ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் ஸ்டாண்டைப் பிடிக்க வேண்டும். பீரோவில் பூட்டிய கருவிகளை மாலை நேரங்களில் விடுதி மாணவர்களுக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். வெளியே ஒரு மணி நேர ஸ்டுடியோ வாடகை எங்களுக்குப் பல நாள் சாப்பாடு. தாட்கோவில் கடன் கேட்டு வரும் இளைஞருக்கு ஆட்டோவும் கறவை மாடும் தொழில்கருவி என்றால், கேமராவும் லைட்டும் தொழில்கருவிதான்.

லொக்கேஷன் என்று கிளம்பும் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்: எங்கள் தெரு உங்கள் லொக்கேஷன் அல்ல, எங்கள் வீடு. பெரிய வீட்டு வாசலில் எப்படி நின்றீர்களோ அப்படி இங்கும் நில்லுங்கள். கேளுங்கள், காத்திருங்கள், புடவை மாற்ற நேரம் கொடுங்கள், சிரித்தால் சிரிப்பை எடுங்கள். பெயரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் படத்துக்குக் கீழே எழுதுங்கள். பிரிண்ட் கொடுங்கள். தபாலில் அனுப்புகிறோம் என்று சொல்லாதீர்கள், நேரில் கொண்டுவந்து கொடுங்கள்.

நாங்களும் அதைச் செய்தோம். கண்காட்சி முடிந்த மறு மாதம் நால்வரும் பஸ் ஏறி அந்தக் காலனிக்குப் போனோம். 'உழைப்பின் ரேகைகள்' படத்தைக் கொண்டுபோகவில்லை. ஆயாவை அவர் வீட்டுக் கதவோரம் உட்காரவைத்து, அவர் கேட்ட நேரத்தில், அவர் எடுத்துக் கட்டிய புடவையில், பொக்கை வாய்ச் சிரிப்போடு எடுத்தோம். அடுத்த வாரமே பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டிக் கொடுத்தோம். ஆயா படத்தைக் கையில் வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் வுழுந்துருக்கு. நான் செத்தா இதையே வச்சிடுங்க, அந்த ஓட்டு அட்டப் படத்த வக்காதீங்க" என்று மருமகளிடம் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் வாக்காளர் அட்டையைத் தவிர வேறு படம் இல்லாத ஒருவர் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், அவரைக் கதவோரம் உட்காரவையுங்கள்.

ஜெய்பீம்.